ஜெபித்தும் கஷ்டம் தீராதபோது விசுவாசத்தோடு தாங்குவது எப்படி?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு வருடமாக உபவாசம், முழு இரவு ஜெபம் எல்லாம் செய்தாயிற்று, ஒன்றும் மாறவில்லை. சபையில் ஒருவர் "விசுவாசத்துல எங்கேயோ குறை இருக்கு" என்கிறார், சொந்தக்காரர் ஒருவர் "உங்க குடும்பத்துல ஏதோ சாபக் கட்டு இருக்கு" என்கிறார். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வாயே வருவதில்லை, அழுகைதான் வருகிறது, இது அவிசுவாசமா, இப்படியே எப்படித் தாங்குவது என்பது அவர் கேள்வி. கடைசியில் ஒரு வரி: பத்தாவது படிக்கும் மகன் "இயேசப்பா ஏன்மா அப்பாவைச் சுகமாக்கல?" என்று கேட்கிறான், அவனுக்கு என்ன சொல்வது?

சகோதரி, முதலில் அந்த அழுகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத்தான் குற்றமாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அது அவிசுவாசம் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் இருக்கும் 150 சங்கீதங்களில் புலம்பல்கள் மிகப் பெரிய பங்கு. நம் ஆராதனைகளில் துதி சங்கீதங்களை மட்டுமே பொறுக்கி எடுத்து வாசிப்பதால் மற்றவை இருப்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறார். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று ஆண்டவருடைய முகத்துக்கு நேராகவே கேட்கிறார். அந்தச் சங்கீதமாவது கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்புகிறது. 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று ஆரம்பித்து, சிநேகிதரைத் தூரமாக்கினீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு அப்படியே நின்றுவிடுகிறது. "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்" என்று ஒரு வரிகூட கடைசியில் ஒட்டவைக்கப்படவில்லை. அப்படிப்பட்ட ஜெபத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், ஆண்டவர் அதையும் ஜெபமாகத்தான் எடுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். அந்த மனுஷன் யாரிடம் புலம்புகிறான் என்று பாருங்கள். அவரை விட்டு விலகிப் போய்ப் புலம்பவில்லை, அவரிடமே போய் நின்று புலம்புகிறான். நீங்களும் ஜெபிக்க உட்கார்ந்துதானே அழுகிறீர்கள்? விட்டுப் போனவர்கள் அங்கே வந்து உட்கார மாட்டார்கள்.

வாயே வரவில்லை என்கிறீர்களே, அதற்கும் ரோமர் 8:26 இருக்கிறது. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாமல் இருக்கும்போது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் எழுதுகிறார். வார்த்தை இல்லாத நேரத்துக்கென்றே எழுதின வசனம் அது. ஆகவே கொஞ்ச காலத்துக்கு நீளமான ஜெபம் செய்ய முயற்சியே பண்ண வேண்டாம். அவரை டயாலிசிஸ் அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள் அல்லவா, அப்போது 13ஆம் சங்கீதத்தை உதடு மட்டும் அசைத்து ஒரு தரம் வாசியுங்கள், போதும். உங்களுக்குச் சொல்லத் தெரியாததை ஏற்கெனவே ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார், அந்த வார்த்தையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த "விசுவாசக் குறை" விஷயம். இதில் எனக்குக் கோபமே வருகிறது, மறைக்கவில்லை. படுத்திருப்பவன் தலையில் வியாதியையும் வைத்து, அதற்கு மேல் குற்றத்தையும் ஏற்றி வைக்கிற பேச்சு அது. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை எல்லோரும் விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று பிரசங்கிப்பார்கள், ஆனால் பெரும்பாலும் 35ஆம் வசனத்தின் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். 34இல் விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்கள் வருகிறார்கள். 37இல் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தவர்கள் வருகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறது, இரண்டு கூட்டத்துக்கும் விசுவாசத்தில் நற்சாட்சி என்றுதான் 39ஆம் வசனம் சொல்கிறது. அப்போஸ்தலர் 12ஐயும் இதோடு சேர்த்து வாசியுங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான், அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து நடத்திக்கொண்டு போகிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு, பேதுருவுக்கு அதிகம் என்று யாராவது சொல்வார்களா? வேதமே காரணம் சொல்லாமல் விட்ட இடம் அது. அங்கே நாமாகக் காரணம் கண்டுபிடித்து ஒரு குடும்பத்தின் மேல் ஏற்றக் கூடாது.

பவுலையே பாருங்கள். மாம்சத்தில் ஒரு முள், அதை எடுத்துப்போடும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டேன் என்று 2 கொரிந்தியர் 12இல் எழுதுகிறார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. மரித்தவனை உயிரோடு எழுப்பின அப்போஸ்தலனுக்கே அப்படி என்றால், உங்கள் வீட்டில் நடப்பதற்கு விசுவாசக் குறை காரணம் என்று சொல்ல யாருக்கு என்ன ஆதாரம்?

சாபக் கட்டு என்று சொல்பவருக்கு யோவான் 9 போதும். பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: இவன் பாவம் செய்ததினாலா, இவனைப் பெற்றவர்கள் செய்ததினாலா? இயேசு இரண்டும் இல்லை என்றார். இந்தக் காரணத்தை வைத்துக் கட்டு உடைக்கிறேன், காணிக்கை வையுங்கள், மாத்திரையை நிறுத்துங்கள் என்று யாராவது வந்தால் தயவுசெய்து வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிறுநீரக நோயாளி இரண்டு மூன்று டயாலிசிஸைத் தவறவிட்டால் உடம்பில் நீர் தேங்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். இதில் விசுவாசத்தைப் பரீட்சை பார்க்க இடமே இல்லை.

இன்னொரு ஆறுதலும் உங்களுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்: "ஆண்டவர் நம்மால தாங்க முடியாததைத் தர மாட்டார்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்த எண்ணம் 1 கொரிந்தியர் 10:13லிருந்து வருகிறது, ஆனால் அங்கே பவுல் பேசுவது விக்கிரகாராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு ஆகியவற்றில் விழுந்துவிடுவதைப் பற்றி. கஷ்டத்தைப் பற்றி அவர் பேசுவது 2 கொரிந்தியர் 1:8இல். அங்கே அவர் சொல்வது நேர் எதிர். ஆசியாவில் எங்களுக்கு நேரிட்டது எங்கள் பலத்திற்கு மிஞ்சினது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். அதாவது பலத்துக்கு மிஞ்சினது வரும், பவுலுக்கே வந்தது. உங்களுக்கு வந்திருப்பதும் அப்படிப்பட்டதுதான், "என்னால முடியல" என்று நீங்கள் சொல்வது உண்மை, அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, அப்படியென்றால் தாங்குவது என்பது என்ன? எனக்குத் தெரிந்து இதற்கு எலியாவின் கதையைவிட நல்ல பதில் இல்லை. 1 இராஜாக்கள் 18இல் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கப் பார்த்த தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வருகிறான். வந்து அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, "நேற்றுதானே அற்புதம் பார்த்தாய்" என்று ஞாபகப்படுத்தவும் இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரம் தட்டி எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான், நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். கேள்விகள், பேச்சு, ஓரேப் மலை எல்லாம் அதற்கு அப்புறம்தான். முதலில் சாப்பாடும் தூக்கமும்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன், நீங்கள் சாப்பிடுகிறீர்களா? டயாலிசிஸ் யூனிட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவிமாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அவருக்கு டிபன் டப்பாவில் இட்லி இருக்கும், உப்புக் குறைத்துச் செய்த சட்னி இருக்கும், அவர் வெளியே வந்ததும் எடை எத்தனை குறைந்தது என்று நர்ஸ் சொன்னதைக் கிராம் கணக்காக மனப்பாடமாகச் சொல்வார்கள், தண்ணீர் அளந்து கொடுக்க அரை லிட்டர் பாட்டில் ஒன்று வைத்திருப்பார்கள். தனக்கென்று அந்தப் பையில் ஒன்றுமே இருக்காது. காலையிலிருந்து ஒரு டீ. இப்படி இரண்டு வருடம் போனால் ஜெபிக்க வாய் வராமல் போவது ஆவிக்குரிய பிரச்சினை மட்டும் இல்லை, உடம்பே கையை விரித்துவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது மைத்துனரோ, அவருடைய நண்பரோ கூடப் போகட்டும், நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்குங்கள். தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், இலவசம். எலியாவுக்கு அடையை அனுப்பின ஆண்டவர்தான் இதையும் அனுப்புகிறார்.

அப்புறம், தனியாகச் சுமக்காதீர்கள். மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துகொண்டு வந்து, கூட்டத்தால் கிட்டப் போக முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். அங்கே "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு அன்று எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று ஒரு வார்த்தையும் இல்லை. உங்களுக்கு இப்போது விசுவாசம் வற்றிப்போயிருந்தால் பரவாயில்லை, சுமக்கிற நான்கு பேர் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம்மவர்கள் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், நீங்களும் "ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள். இனிமேல் வேலையாகக் கேளுங்கள். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு பைக்கில் கொண்டு விட முடியுமா, பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க யாராவது உண்டா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடமிருக்கிறது, அந்தப் பேப்பர்களைப் பார்த்துக் கொடுக்க ஆள் உண்டா, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வது பற்றி டாக்டரிடம் பேசும்போது கூட வர முடியுமா என்று கேளுங்கள். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசியில் என்ன கேட்கிறார் தெரியுமா? துரோவாவில் கார்ப்பு வீட்டில் வைத்துவிட்டு வந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா, மாரிக்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். நல்ல போராட்டத்தைப் போராடினேன் என்று அதே அதிகாரத்தில் எழுதினவர்தான் குளிருக்கு அங்கியும் கேட்கிறார்.

உங்களைப் போல நெடுநாள் தாங்கினவர்கள் இரண்டு பேரைச் சொல்ல நினைக்கிறேன். ஒருவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்திலிருந்து வந்து திருநெல்வேலிப் பக்கம் அநாதைக் குழந்தைகளை வளர்த்தவர், பிள்ளைகளுக்கு அம்மா. 1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் உடைந்தது, முதுகும் பாதிக்கப்பட்டது. அதிலிருந்து 1951 ஜனவரியில் மரிக்கும் வரை, ஏறக்குறைய 20 வருடம், பெரும்பாலும் அந்த ஒரே அறைக்குள்தான். எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுகம் வரவில்லை. படுத்தபடியே நிறைய எழுதினார். நோயாளிகளுக்கென்று சுகமாயிருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் புத்தகங்கள் தன்னைத் தொடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லி, நோயாளியாக இருந்துகொண்டே நோயாளிகளுக்கு எழுதினார். அதனால்தான் அவர் எழுதினது இன்றும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுபடுகிறது.

இன்னொருவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இளம் மருத்துவர். 1954இல் நண்பர்களோடு போன வண்டி ஒரு பஸ்ஸை முந்தப் போய் மைல்கல்லில் மோதி உருண்டது. முகம் கிழிந்தது, முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றிருந்த கனவு அதோடு போயிற்று. அவர் உடனே "தேவ சித்தம்" என்று புன்னகையோடு எழுந்து உட்காரவில்லை. இருட்டான நாட்கள் அவருக்கும் இருந்தன. பிறகு தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையில் பேர்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்துகொண்டே நீ இதைச் செய்யலாமே என்று வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அவர் நிமிர்த்தினார். ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்த் தன் சொந்த மறுவாழ்வுக்குப் பயிற்சி, பிறகு நியூயார்க்கில் அந்தத் துறையிலேயே மேற்படிப்பு, திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை. 1966இல் முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் வேலூரில் திறந்தது, 1972இல் பத்மஸ்ரீ.

பிரசங்கத்தில் இதை இரண்டே நிமிடத்தில் சொல்லி "பாருங்கள், ஆண்டவர் நன்மையாக மாற்றினார்" என்று முடித்துவிடுவார்கள். விபத்துக்கும் அந்த மையத்துக்கும் நடுவே 12 வருடம் இருக்கிறது. அந்த 12 வருடத்தின் நடுவில், படுக்கைப்புண்ணோடும் வலியோடும் இருந்த ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, கதை எங்கே போய் முடியும் என்று மேரிக்குத் தெரியாது. நீங்களும் அப்படிப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் இருக்கிறீர்கள். இந்தப் பலனுக்காகத்தான் ஆண்டவர் அந்த விபத்தை அனுப்பினார் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உடைந்த முதுகெலும்போடு இருந்த ஒரு பெண்ணை அவர் கைவிடவில்லை என்று மட்டும் சொல்வேன். உங்கள் கணவர் சுகமாவார் என்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தொடர்ந்து கேளுங்கள், சுகத்துக்காகவே கேளுங்கள், அதில் தயங்க வேண்டாம். கூடவே தானியேல் 3இல் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று ராஜாவிடம் சொன்னார்கள், அடுத்த மூச்சில், விடுவிக்காமற்போனாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்றார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிந்தது அவர்களால்.

இனி மகன். அவனிடம் "தெரியலப்பா, நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். அம்மாவுக்கும் தெரியாது என்பது அவனைக் கெடுக்காது. ஏதோ ஒரு காரணத்தைச் சமைத்துச் சொன்னால்தான் அவன் இன்னும் மூன்று வருடத்தில் அதை உடைத்துவிட்டு வெளியே போவான். கேள்வி கேட்டதற்காக அதட்டாதீர்கள். லாசரு மரித்தபோது மார்த்தாள் வந்து, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்றாள். கொஞ்ச நேரத்தில் மரியாளும் வந்து அதே வார்த்தையைச் சொன்னாள். உங்கள் மகன் கேட்கிற கேள்வியும் அதுதான். இயேசு இருவரில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். யோவான் 11ஐ அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள், அவன் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள், நீங்கள் விளக்கம் கொடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் வெளியே சொல்லாமல், நான் ஒழுங்காக ஜெபிக்கவில்லை, அன்றைக்குப் பொய் சொன்னேன், அதனால்தான் அப்பாவுக்குச் சரியாகவில்லை என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களே சபையில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு எத்தனை இரவு தூங்காமல் இருந்தீர்கள்? அதே பேச்சு அவன் காதிலும் விழுந்திருக்கும். அப்பாவுக்கு வந்திருப்பது உன்னால் வந்ததில்லை, அப்பா சுகமாவதும் ஆகாததும் உன் ஜெபத்தின் மேல் நிற்கவில்லை, நீ பரீட்சைக்குப் படிக்கிறதும் விளையாடப் போகிறதும் தப்பில்லை என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். முடிந்தால் அவன் அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள், டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, அவர் கொஞ்சம் தெம்பாக இருக்கும்போது.